வலது ஓரத்தில் இரண்டு விரல் இடம்

சுபாஷிணி மேடத்தின் கம்ப்யூட்டர் திரையில் வலது ஓரம் எப்போதும் இரண்டு விரல் அகலத்துக்குக் காலியாக இருக்கும். கடிதமோ, பட்டியலோ, இணையப் பக்கமோ, அவர் திறக்கும் எந்த விண்டோவும் அந்த ஓரத்தைத் தொடாது. எதுவரை வரலாம் என்பதற்கு அடையாளமாக மானிட்டரின் மேல் சட்டத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தார். காலையில் வந்து கைப்பையை மாட்டியதும் முதல் வேலையாக ஒவ்வொரு விண்டோவையும் ஓரம் பிடித்து இழுத்து, பொட்டுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துவார். அதற்கப்புறம்தான் கம்பளி ஸ்வெட்டரைக்கூடக் கழற்றுவார்.

அந்தப் பொட்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் எரிச்சலுக்குத் தொழில்ரீதியான காரணம் உண்டு. என் பெயர் ரங்கராஜன். நொய்டாவில் ஒரு சிறிய கம்பெனியில் வேலை. அரசு அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களுக்காக நாங்கள் ஒரு டெஸ்க்டாப் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். அதில் விண்டோ மேனேஜர் என்ற பகுதி என்னுடையது. ஒரு விண்டோ எங்கே திறக்கவேண்டும், எவ்வளவு பெரிதாகத் திறக்கவேண்டும், தலைப்பைப் பிடித்து இழுத்தால் எப்படி நகரவேண்டும், எப்போது திரை முழுவதையும் நிரப்பவேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுதான். பதினான்கு வருஷமாக இதே வேலையைச் செய்கிறேன். இதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு அப்போது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

மேடம் பாளையங்கோட்டைக்காரர். இருபத்து மூன்று வயதில் தேர்வெழுதி, கிளார்க்காக டெல்லிக்கு வந்தவர். நான் சொல்லும் சமயத்தில் வயது ஐம்பத்தாறு. லோதி ரோட்டில் ஓர் அரசு அலுவலகம், ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ், ஓய்வுபெற்ற கணவர், புனேவில் வேலை பார்க்கும் மகள். செக்‌ஷனில் எந்தக் கோப்பு எந்த அலமாரியில் என்று கேட்டால் தலையைத் தூக்காமல் பதில் சொல்வார். இந்தியைத் திருநெல்வேலி இழுப்போடு பேசுவார். முப்பத்து மூன்று வருஷத்தில் டெல்லியால் அந்த இழுப்பை ஒன்றும் செய்யமுடியவில்லை. அவரிடம் வேறு எந்தக் கிறுக்கும் கிடையாது. இந்த இரண்டு விரல் இடம் மட்டும்தான்.

புதிய பதிப்பைச் சோதித்துப் பார்க்க அந்த அலுவலகத்தில் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தோம். அவர்களில் அவரும் ஒருவர். இரண்டு வருஷமாக வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், நான் அங்கே போய் உட்காருவேன்.

புதிய பதிப்பில் என் யோசனை எளிமையானது. எந்த விண்டோவைத் திறந்தாலும் திரை முழுக்கத் திறக்கும். ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்கும் வசதியே இருக்காது. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் எப்படியும் விண்டோவை மேக்ஸிமைஸ் செய்து, திரை முழுக்க விரித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் கணக்கெடுப்பு சொன்னது. பிறகு எதற்கு இந்த இழுப்பும் தள்ளலும்?

சோதனைக் குழுவில் பதினொரு பேர் கருத்துத் தாளில் ‘அச்சா ஹை’, நன்றாக இருக்கிறது, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மேடம் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன்.

“மேடம், நூத்துல தொண்ணூத்தி நாலு பேர் முழுசாத்தான் வெச்சிருக்காங்க.”

“மீதி ஆறு பேரு என்ன செய்யுதாவ?”

“பழகிப்பாங்க.”

“சார், நான் ஒரு சாமானை ஒரு இடத்துல வச்சா அது அங்கதான் இருக்கணும். நான் தொடாம அது நகரப்பிடாது. நான் சொல்லாம அது பெருசாகப்பிடாது. ஒண்ணு மேல இன்னொண்ணு வந்து மூடினா, மூடியிருக்குன்னு எனக்குத் தெரியணும். இவ்வளவுதான் கேக்கேன். இதுல என்ன கஷ்டம்?”

“அப்படி ரெண்டு விரல் இடத்துல என்ன மேடம் இருக்கு? வால்பேப்பர்தானே?”

அவர் கண் திரையின் ஓரத்துக்குப் போய்விட்டு வந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. ஐந்தாறு விநாடிக்கு ஒரு முறை அப்படிப் பார்ப்பார் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். பேசும்போதும், தேநீர் குடிக்கும்போதும், பியூன் வந்து கையெழுத்து கேட்கும்போதும் அந்தக் கண் ஒரு நடை போய்விட்டு வரும். அந்த ஓரத்தில் வால்பேப்பரின் நீல நிறத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

அடுத்த வாரம் அங்கே அண்டர் செக்ரட்டரியாக இருந்த சுஷ்மா ஜி என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் காட்டினார். இந்தப் பதிப்பைத் தன் மேஜையில் போட்டால் விருப்ப ஓய்வில் போய்விடுவதாக மேடம் எழுதிக் கொடுத்திருந்தார். இன்னும் நான்கு வருஷ வேலை பாக்கி இருக்கிறது. ஒரு விண்டோவுக்காக வேலையை விடுகிறேன் என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சுஷ்மா ஜி சிரிக்கவில்லை.

“அவரிடம் பேசிப் பாருங்கள். அவர் இல்லாமல் எனக்கு இந்த செக்‌ஷன் ஓடாது,” என்றார்.

பேசிப் பார்த்திருக்கலாம். நான் செய்தது வேறு. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை. மேடம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெயில் காய வெளியே புல்வெளிக்குப் போயிருந்தார். டெல்லிக் குளிர்காலத்தில் எல்லா அரசு அலுவலகமும் அந்த ஒரு மணி நேரம் புல்வெளியில்தான் இருக்கும். அந்த நேரத்தில் அவர் கம்ப்யூட்டரில் புதிய பதிப்பை ஏற்றினேன். அவருடைய பட்டியலைத் திரை முழுக்கத் திறந்து வைத்தேன். போதாக்குறைக்கு மேல் சட்டத்திலிருந்த பொட்டையும் உரித்து என் அடையாள அட்டையின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டேன். ஐந்து நிமிஷம் பழகிவிட்டால் ‘அச்சா, இவ்வளவுதானா’ என்று அவரே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். பக்கத்து மேஜைக்காரர்களுக்கும் விஷயம் தெரியும். எல்லோரும் வேடிக்கை பார்க்கக் காத்திருந்தோம்.

அவர் டப்பாவைக் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு உட்காராமலே குனிந்து மவுஸைப் பிடித்து விண்டோவின் ஓரத்தை இழுத்தார். வரவில்லை. தலைப்பைப் பிடித்து இழுத்தார். வரவில்லை.

“எங்க போச்சு?” என்றார் தமிழில். செக்‌ஷனில் என்னைத் தவிர யாருக்கும் அது புரிந்திருக்காது. “எங்க போச்சு? எத்தனை நிமிஷம் ஆச்சு?”

நான் சிரித்துக்கொண்டே, “இருபது நிமிஷம்தான் மேடம் ஆச்சு,” என்றேன்.

“இருபதா?”

அந்தக் குரலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் துக்கச் செய்தி வந்தால் சிலர் அப்படிக் கேட்பார்கள். அவர் மேஜைக்கு அடியில் மண்டியிட்டு, கையை நீட்டி, ப்ளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது. எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். டப்பா மேஜையிலேயே இருந்தது. அன்றைக்கு அவர் திரும்பி வரவில்லை, வெள்ளிக்கிழமையும் வரவில்லை. சுஷ்மா ஜி என்னிடம் அந்த டப்பாவைக் கொடுத்து, “வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள்,” என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆர்.கே.புரம் போனேன். முதல் மாடி. கதவைத் திறந்தவர் மேடத்தின் கணவர் ராமமூர்த்தி. நான் யார் என்று சொன்னதும் டப்பாவை வாங்கிக்கொண்டு, “உள்ள இருக்கா. வாங்க,” என்றார். கோபமாகத் தெரியவில்லை. களைப்பாகத்தான் தெரிந்தார். துணிப்பையை எடுத்துக்கொண்டு, மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி இறங்கிவிட்டார்.

உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்த வீட்டைக் கவனித்தேன். படுக்கையறைக் கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. அலமாரிக் கதவும் அப்படித்தான். அத்தனை குளிரிலும் திரைச்சீலை ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. டீப்பாய் மேல் மேடத்தின் போன், முகம் மேல்நோக்கி. அதன் மேல் ஒரு செய்தித்தாள்கூட விழுந்துவிடாதபடி சுற்றிலும் காலியாக இருந்தது. எல்லா இடத்திலும் அதே இரண்டு விரல்.

மேடம் வந்து எதிரில் உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அடையாள அட்டையின் பின்னாலிருந்த பொட்டை உரித்து நீட்டினேன். அவர் அதை வாங்கிச் சேலைத் தலைப்பில் ஒட்டிக்கொண்டார்.

“ரெண்டு விரல் இடத்துல என்ன இருக்குன்னு கேட்டீங்கல்லா தம்பி,” என்றார். அலுவலகத்தில் அவர் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். “சொல்லுதேன்.”

2021 ஏப்ரல். டெல்லியில் கொரோனாவால் மூச்சுக்கு ஆள்கள் தவித்த நாள்கள். மருத்துவமனைப் படுக்கைகளுக்கான ஓர் உதவி மையத்துக்குப் பல அலுவலகங்களிலிருந்து கிளார்க்குகளை அனுப்பினார்கள். மேடமும் போனார். ஒரு பெரிய கூடம், நாற்பது கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றிலும் எங்கள் டெஸ்க்டாப்தான். திரையில் இடது பக்கம் பெரிய விண்டோவில் படுக்கைப் பட்டியல் ஓடும். வலது ஓரத்தில் குறுகலாக, படுக்கை கேட்டவர்களின் செய்திகள் வரும் விண்டோ. புதிய செய்தி வந்தால் மணிச் சத்தத்தோடு மூலையில் ஒரு கட்டம் எட்டிப்பார்க்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். தமிழ் பேசுபவர்கள் போன் செய்தால் மேடத்திடம் அனுப்புவார்கள்.

செல்வராஜ் என்று ஒருவர். தென்காசிக்காரர். இங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. மனைவி பெயர் சாவித்திரி, வயது முப்பத்தொன்று. காலையிலிருந்து நான்கு முறை போன் செய்திருந்தார்.

“எங்க ஊருப் பக்கத்துப் பேச்சு. கேட்டதுமே எனக்கு நம்ம பிள்ளைன்னு ஆயிட்டு. பொண்டாட்டிக்கு ஆக்சிஜன் எழுபத்தெட்டுன்னான். மத்தியானம் ரெண்டு பத்துக்கு ஒரு பெட் காலியாச்சு. உடனே அவன் பேரைப் போட்டுச் செய்தி அனுப்பினேன். பத்து நிமிஷத்துக்குள்ள ‘சரி’ன்னு பதில் வரணும். வரலைன்னா அடுத்த ஆளுக்குக் கொடுத்திரணும். அதான் ரூல். அவ்வளவு பேரு வரிசையில நிக்கும்போது அந்த ரூலும் தப்புன்னு சொல்ல முடியாது.”

செய்தியை அனுப்பிவிட்டு, அடுத்தவருக்காகப் பட்டியலில் கீழே ஒரு வரியைப் பார்க்க வேண்டியிருந்தது. விண்டோவைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார். அது திரையின் மேல் விளிம்பில் பட்டது.

அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் மேலே சொல்லவேண்டியிருக்கவில்லை. விண்டோவை இழுத்துக்கொண்டுபோய் மேல் விளிம்பில் முட்டினால் அது தானாகவே திரை முழுக்க விரியும். அந்த வசதியைச் சேர்த்தவன் நான். திரை முழுக்க ஒரு விண்டோ இருந்தால், அந்த மனிதர் கவனமாக வேலை செய்கிறார், அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று மணியையும் கட்டத்தையும் அடக்கி வைக்கும் இன்னொரு விதியும் உண்டு. அதற்கு ‘அமைதி விதி’ என்று பெயர் வைத்தவனும் நான். அதற்காக எங்கள் கம்பெனியில் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அது இன்னமும் என் வீட்டு டிவிக்கு மேல் இருக்கிறது.

“பெருசானதை நான் பெருசா எடுத்துக்கிடல. நல்லதாப் போச்சு, பட்டியல் தெளிவாத் தெரியுதுன்னுதான் நினைச்சேன். மணி அடிக்கும்னு காத்துக்கிட்டே வேலை பாத்தேன். அடிக்கல. பத்து நிமிஷம் ஆச்சு. இன்னும் ரெண்டு நிமிஷம் சேத்துப் பாத்தேன். பின்னால சூப்பர்வைசர் ஜல்தி ஜல்திங்காரு. அவன் பேருக்கு நேரா ‘பதில் இல்லை. மூடப்படுகிறது’ன்னு போட்டு, வரியை மூடிட்டு, போன்லயே காத்துக்கிட்டிருந்த அடுத்த ஆளுக்கு பெட்டைக் கொடுத்தேன்.”

மேடம் தண்ணீர் குடித்தார். கண் ஒரு முறை போனுக்குப் போய்விட்டு வந்தது.

“மூணு மணிக்கு டீ வந்துச்சு. எந்திரிக்கும்போது பட்டியலை மூடினேன். பின்னால செய்தி விண்டோ அப்படியே இருந்துச்சு. நான் வச்ச இடத்துலயே. எட்டு வரி.”

அந்த எட்டு வரிகளையும் அவர் சொன்னார். எங்கும் தடுமாறவில்லை. ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு வந்தது என்றும் சொன்னார்.

‘சரி மேடம்.’ இது இரண்டு பதினொன்றுக்கே வந்துவிட்டது.

‘ஆட்டோ கிடைச்சிட்டு, கிளம்பிட்டோம் மேடம்.’

‘வந்துட்டோம். ஆஸ்பத்திரி கேட்டுல நிக்கோம்.’

‘பேரு லிஸ்ட்ல இல்லங்காவ மேடம்.’

‘மேடம்.’

‘நீங்க ஒரு வார்த்தை சொன்னா உள்ள விடுவாவ மேடம்.’

‘மேடம் இருக்கீங்களா.’

கடைசி வரி இரண்டு ஐம்பத்து நான்குக்கு வந்தது. ‘பரவால்ல மேடம். உங்களுக்கும் எவ்வளவு பேரு.’

வெளியே தெருவில் காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான்.

“உடனே போன் பண்ணேன். எடுக்கல. சாயங்காலம் அஞ்சரைக்கு எடுத்தான். முடிஞ்சுட்டு மேடம்ன்னான். அப்புறம்…” மேடம் சேலைத் தலைப்பிலிருந்த பொட்டை விரலால் தடவினார். “அப்புறம் எனக்கு தேங்க்ஸ் சொன்னான், தம்பி. காலையிலேர்ந்து இவ்வளவு பாடுபட்டீங்களே மேடம், லிஸ்ட்ல என்னமோ தப்பாயிட்டு, நீங்க என்ன செய்வீங்கன்னான். நான்தான் மூடினேன்னு அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல.”

“உங்க தப்பு இல்ல மேடம்,” என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. அந்த எட்டு வரியும் இப்பவும் அங்கதான் இருக்கு. எந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாலும் வலது ஓரத்துல இருக்கு. நீங்க வால்பேப்பர்ங்கீங்க. நான் அதை மூடிட்டேன்னா அவன் மறுபடி கேட்டுல நிப்பான். புத்திக்குத் தெரியுது, இது கிறுக்குத்தனம்னு. கண்ணுக்குத் தெரியலையே.”

கிளம்பும்போது கதவருகே சாதாரணமாக ஒன்று சொன்னார். “அப்புறம் ஒரு புகார் எழுதினேன். இப்படி ஆகுது, மாத்துங்கன்னு. ஒண்ணும் விவரம் சொல்லல, விஷயத்தை மட்டும் எழுதினேன்.”

“பதில் வந்துதா?”

“வந்துச்சு,” என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை காபியை வைத்துக்கொண்டு பழைய புகார்களில் தேடினேன். கிடைக்காமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்துக்கொண்டேதான் தேடினேன். இரண்டு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது.

2021 மே மூன்றாம் தேதி, காலை பதினொன்று இருபது. ‘விண்டோவை மேலே நகர்த்தினால் கேட்காமல் பெரிதாகிவிடுகிறது. பெரிதானால் செய்தி வந்தது தெரிவதில்லை. மணியும் அடிப்பதில்லை. தயவுசெய்து மாற்றவும். அவசரம்.’ கீழே அவர் பெயரும் பதவியும்.

அதற்குக் கீழே பதில். காலை பதினொன்று இருபத்து நான்கு. ‘வடிவமைத்தபடியே வேலை செய்கிறது. மூடப்படுகிறது. ரங்கராஜன்.’

எனக்கு இது துளிகூட நினைவில் இல்லை. அதுதான் என்னைப் போட்டு உலுக்கியது. அன்றைக்கு நான் முப்பத்தொரு புகார்களை மூடியிருக்கிறேன். காய்ச்சலோடு படுத்துக்கொண்டே வேலை செய்ததும், சாயங்காலம் மேலாளர் பாராட்டி எழுதியதும் நினைவிருக்கிறது. முப்பத்தொன்றில் ஒன்றாக இது போயிருக்கிறது. அவசரம் என்று எழுதியிருந்ததை நான் படித்தேனா? படித்திருப்பேன். எல்லோரும் அவசரம் என்றுதானே எழுதுகிறார்கள் என்று எரிச்சல்பட்டிருப்பேன். நான்கு நிமிஷம். அதற்குள் இன்னும் இரண்டு புகார்களை வேறு மூடியிருக்கிறேன்.

புகாருக்கு முன்பே அந்தப் பெண் செத்துப்போயிருந்தாள். என் பதிலால் அவள் சாகவில்லை. இதை எனக்கு நானே பல முறை சொல்லிக்கொண்டேன். ஆனால் மே மாதம் முழுக்க அந்தக் கூடத்தில் நாற்பது கம்ப்யூட்டர்கள் ஓடின. நாற்பதிலும் விண்டோக்கள் மேல் விளிம்பில் முட்டியிருக்கும். எத்தனை வரிகள் பின்னால் காத்திருந்தன என்று யாருக்குத் தெரியும்? மேடத்துக்கு எட்டு வரிகள்தான். எனக்குக் கணக்கே கிடையாது. காபி ஆறி ஆடை கட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு பயமாக இருந்தது. உண்மையாகவே பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மேடம் வேலைக்கு வந்திருந்தார். பழைய பதிப்பையே திரும்ப ஏற்றிக் கொடுத்தேன். பொட்டு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மத்தியானம் புல்வெளியில் அவர் தனியாக உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய் எதிரில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“மேடம், நீங்க எழுதின புகாரைப் பாத்தேன். அதுக்குப் பதில் போட்டது…”

“தெரியும் தம்பி.”

“நான்தான் மேடம் அது.”

“தெரியும். கீழ பேரு போட்டிருந்துச்சே. ரங்கராஜன்னு பாத்ததும் தமிழ் ஆளு, புரிஞ்சுக்கிடுவாருன்னு முதல்ல சந்தோஷம்தான் வந்துச்சு. அப்புறம்தான் மேல எழுதியிருந்ததைப் படிச்சேன்.”

“அப்ப, ரெண்டு வருஷம் முன்னாடி நான் இங்க வந்தப்பவே…”

“சுஷ்மா ஜி பேரு சொல்லி அறிமுகப்படுத்தும்போதே தெரிஞ்சுட்டு.”

இரண்டு வருஷம் வாரத்துக்கு இரண்டு நாள். நான் அவர் மேஜையில் தேநீர் குடித்திருக்கிறேன், அவர் கொண்டுவரும் எலுமிச்சை சாதத்தில் பங்கு வாங்கியிருக்கிறேன், அவர் பொட்டைக் கிண்டல் செய்திருக்கிறேன். “ஏன் மேடம் சொல்லல? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே.”

அவர் டப்பாவை மூடினார். முழுதாக மூடவில்லை. ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் மூடினார்.

“எப்படித் திட்டுவேன்? நீங்க நாலு நிமிஷத்துல மூடினீங்க. நான் பன்னெண்டு நிமிஷத்துல மூடினேன். நீங்க போட்ட வார்த்தையும் நான் போட்ட வார்த்தையும் ஒண்ணுதானே. ரெண்டு பேரும் வரிசையைக் குறைக்கத்தான் பாத்தோம். உங்களைத் திட்டணும்னு வாயைத் திறந்தா, செல்வராஜ் ஞாபகம் வந்திரும். அவன் எனக்கு தேங்க்ஸ்லா சொன்னான்.”

பக்கத்து வட்டத்தில் யாரோ நிலக்கடலையை உரித்துப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மேடம் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் எழுந்து, சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டார்.

“நான் மூடினதை இனி யாராலயும் திறக்க முடியாது, தம்பி,” என்றார். “உங்களதைத் திறக்கலாம்லா.”

அன்றைக்கே திறந்தேன். மூன்றரை வருஷம் மூடிக் கிடந்த புகார் ஒரு க்ளிக்கில் திறந்துகொண்டது. புதிய பதிப்பு இரண்டு மாதம் தள்ளிப்போயிற்று. நொய்டாவில் என்னோடு சண்டை போட்டார்கள். கேடயம் வாங்கிய விதியை நீயே எடுக்கிறாயா என்றார்கள். எடுத்தேன். இப்போது எங்கள் டெஸ்க்டாப்பில் எந்த விண்டோவும் கேட்காமல் பெரிதாகாது, கேட்காமல் நகராது. ஒன்று மற்றொன்றை மறைத்தால், மறைந்திருப்பதில் செய்தி வரும்போது மணி அடித்தே தீரும். மேடம் விருப்ப ஓய்வுக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பொட்டை எடுக்கவில்லை. எடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

வேலை முடிந்துவிட்டது. முறைப்படி அந்தப் புகாரை மூடவேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் எங்கள் மென்பொருள் என்னிடம் கேட்கிறது: ‘இந்தப் புகாரில் பல நாள்களாக எந்த நடவடிக்கையும் இல்லை. மூடிவிடலாமா?’

‘வேண்டாம்’ என்று அழுத்துகிறேன். பிறகு என் திரையின் வலது ஓரத்தைப் பார்க்கிறேன். அங்கே இரண்டு விரல் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.